உருக்கினா எவ்வளவு? உருக்காட்டா எவ்வளவு?

பாக்கெட் மணி
– மாணவ நிருபர், பி.இ. மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு

இந்த வாரம் நாம போகப்போறது பேங்குக்கும் இல்ல, ஏ.டி.எம்.முக்கும் இல்ல. நேரா நம்ம வீட்டு பீரோவுக்கு. அதுவும் பட்டுப் புடவைகளுக்கு அடியில, பழைய கர்ச்சீஃப்ல முடிச்சுப் போட்டு வெச்சிருக்கிற அந்த மூட்டைக்கு!

காரணம் இருக்கு. 1980 ஜனவரியில வெள்ளி விலை ஒரு அவுன்ஸுக்கு 50 டாலர் பக்கம் போச்சு. அந்த ரெக்கார்ட் 45 வருஷம் அசையாம நின்னுச்சு. 2025 அக்டோபர்ல உடைஞ்சது. அவ்வளவுதான், தங்கத்துக்கு முன்னாடி பாவமா நின்னுட்டிருந்த வெள்ளிக்குத் திடீர் மவுசு. வீட்டுக்கு வீடு பீரோ திறக்குது, பழைய ரூபாய், வெல்வெட் டப்பா எல்லாம் வெளிய வருது. கூடவே பட்டிமன்றமும் ஆரம்பிக்குது.

“வெள்ளி வெள்ளிதானே... எடைக்குப் போட்டுக் காசாக்கு” என்பது அப்பா கட்சி. “இது செட்டு காயின்ப்பா, கலெக்டர்ஸ் லட்ச ரூபாய் குடுப்பாங்க” என்பது நம்ம கட்சி. யார் சொல்றது ரைட்டு? ரெண்டு பேருமே பாதி ரைட்டு. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க ஒரு தராசும், கொஞ்சம் ஹிஸ்டரியும், எட்டாங்கிளாஸ் கணக்கும் போதும்.

ஒரு காசு... மூணு விலை!

எந்த வெள்ளி நாணயத்துக்கும் மூணு விலை உண்டு. ஒண்ணு, அதுமேல எழுதியிருக்கிற விலை. ரெண்டு, அதுக்குள்ள இருக்கிற வெள்ளியோட விலை, அதாவது உருக்கு விலை. மூணு, அதை நாணயமாவே வேணும்னு கேட்டு ஒருத்தர் குடுக்கிற விலை.

முதல் விலையை மறந்துடலாம். 100 ரூபாய்னு போட்ட வெள்ளி நாணயத்தைக் குடுத்து கேன்டீன்ல பிரியாணி வாங்குற அளவுக்கு யாரும் அப்பாவி கிடையாது. சண்டை எல்லாம் ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுலதான். ரெண்டாவது விலை சுத்தமான கணக்கு:

எடை × வெள்ளியின் பங்கு × அன்னிக்கு கிராம் ரேட்.

வெள்ளி ரேட் தினமும் குதிக்குது. அதனால இந்தக் கட்டுரை முழுக்க ஒரு கிராம் 100 ரூபாய்னு வெச்சுக்குவோம். இது கணக்கு வசதிக்குத்தான். நீங்க படிக்கிற அன்னிக்கு பேப்பர்ல போட்டிருக்கிற ரேட்டால பெருக்கிக்குங்க.

பெட்டிக்குள்ள என்ன?

என் ரூம்மேட்டுக்கு நெல்லைப் பக்கம் ஊரு. அவங்க தாத்தா ரயில்வேயில வேலை பார்த்தவர், காசு சேர்க்கிற பழக்கம் உள்ளவர். அவர் போன பிறகு பெட்டி ஆச்சிகிட்ட இருந்துச்சு. போன செமஸ்டர்ல ஃபீஸ் பாக்கி விழுந்து, ஹால் டிக்கெட் கிடைக்குமாங்கிற நிலைமை. ஆச்சி பெட்டியைத் தூக்கி இவன் கையில குடுத்துட்டாங்க. ஒரே ஒரு கண்டிஷன்: “ஏலே, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி எடைக்குப் போட்டுராத. உங்க தாத்தா ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து எடுத்தது.”

பெட்டியில இருந்தது இதெல்லாம்:

பிரிட்டிஷ் கால ஒரு ரூபாய் 20. அதுல 16 பழசு, 4 மட்டும் 1940-க்கு அப்புறம் வந்தது.

காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் (1969) 5.

பேரறிஞர் அண்ணா நூற்றாண்டு செட் (2009) 1. இதுல ஒரு 100 ரூபாய், ஒரு 5 ரூபாய். டப்பா, அட்டை எல்லாம் பத்திரமா இருந்துச்சு.

தனியார் கம்பெனி ஒண்ணு போட்ட சாமி பட ‘சில்வர் செட்’ 1. பெரிய வெல்வெட் பெட்டி. பார்க்க இதுதான் செம ரிச்!

காலேஜ் பக்கத்துல ஒரு நகைக்கடைக்குப் போனோம். அவர் சாமி செட்டையும் 5 ரூபாயையும் ஒதுக்கிட்டு, மீதி எல்லாத்தையும் ஒரே தட்டுல கொட்டினார். 339 கிராம். “பழைய காசுல பாதிதான் தம்பி வெள்ளி இருக்கும். மொத்தமா பாதிக்குப் போட்டுக்கலாம்.” நம்ம 100 ரூபாய் கணக்குல அது 16,950 ரூபாய். ரூம்மேட் சரின்னு தலையாட்டப் போனான். நான் அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். ரூமுக்குத் திரும்பிட்டோம்.

‘பாதி வெள்ளி’ங்கிற பொய்

1862 விக்டோரியாவில ஆரம்பிச்சு 1939 வரைக்கும் வந்த பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதுல 12-ல 11 பங்கு, கிட்டத்தட்ட 91.7 சதவிகிதம் வெள்ளி. ஆக ஒரு ரூபாய்க்குள்ள 10.69 கிராம் சுத்த வெள்ளி.

1940-ல உலகப் போர். வெள்ளிக்குத் தட்டுப்பாடு. அரசாங்கம் அதே எடையில வெள்ளியை மட்டும் 50 சதவிகிதமா குறைச்சுடுச்சு. 1947-ல வந்த ஒரு ரூபாய் முழுக்க நிக்கல். அதுல சுத்தமா வெள்ளியே கிடையாது. காந்தத்தைக் காட்டினா ஒட்டிக்கும், வெள்ளி ஒட்டாது. இந்த டெஸ்டுக்கு செலவே இல்லை!

காந்தி 10 ரூபாய் 15 கிராம், அதுல 80 சதவிகிதம் வெள்ளி. ஒண்ணுக்கு 12 கிராம். அண்ணா 100 ரூபாய் 35 கிராம், அதுல 50 சதவிகிதம் வெள்ளி, 40 செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தஞ்சு. ஆக 17.5 கிராம். கூட வர்ற 5 ரூபாயில வெள்ளியே இல்லை. செட்டுன்னு சொன்னவுடனே ரெண்டு காசும் வெள்ளின்னு நினைச்சுடாதீங்க.

இப்போ கூட்டுவோம். தேய்மானம் போக 16 பழைய ரூபாயும் 183 கிராம் இருந்துச்சு. அதுல சுத்த வெள்ளி 167.8. நாலு ‘அரை வெள்ளி’ ரூபாயில 23. காந்தி அஞ்சுலயும் சேர்த்து 60. அண்ணா 17.5. மொத்தம் 268.3 கிராம். அதாவது 26,830 ரூபாய்!

கடைக்காரர் சொன்னது 16,950. வித்தியாசம் 9,880 ரூபாய். கலெக்டர், ஏலம், லட்ச ரூபாய் கதை எதுவும் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை மக்களே. வெறும் உருக்கு விலையிலேயே இவ்வளவு ஓட்டை! நிறைய பேர் ‘செட் மதிப்பு’ங்கிற கனவுல இருந்துட்டு இந்த முதல் கணக்குலயே கோட்டை விடுறாங்க. எந்தக் கடையா இருந்தாலும் கூலி, கழிவுன்னு கொஞ்சம் குறைச்சுத்தான் எடுப்பாங்க, அது நியாயம். ஆனா 91.7-ஐ 50-னு சொல்றது கழிவு கிடையாது.

அந்த சாமி செட்? அட்டையைத் திருப்பிப் படிச்சோம். பொடி எழுத்துல ‘வெள்ளி முலாம்’. வெல்வெட் பெட்டிக்கு மட்டும் ஏதாவது குடுத்தா உண்டு!

லேப் டைம்!

ஆர்க்கிமிடிஸை செமஸ்டர் எக்ஸாமுக்கு அப்புறம் மறந்துட்டீங்களா? கூப்பிடுங்க. 0.01 கிராம் காட்டுற சின்ன எலெக்ட்ரானிக் தராசு, ஒரு டம்ளர் தண்ணி, ஒரு நூல் போதும். தண்ணி டம்ளரைத் தராசுல வெச்சு ஜீரோ பண்ணுங்க. காசை நூல்ல கட்டி, அடியில தொடாம தண்ணிக்குள்ள தொங்க விடுங்க. தராசு காட்டுற நம்பர்தான் காசோட கன அளவு. எடையை அந்த நம்பரால வகுத்தா அடர்த்தி வந்துடும்.

91.7 சதவிகித வெள்ளி ரூபாய்க்கு 10.3 பக்கம் வரணும். அதாவது 11.66 கிராம் ரூபாய்க்குத் தராசு 1.13 காட்டும். 50 சதவிகித ரூபாய்க்கு அடர்த்தி 9.5 பக்கம், தராசு 1.22 காட்டும். செம்பு-நிக்கல் டூப்ளிகேட்னா அடர்த்தி 9-ஐக்கூடத் தொடாது. டெஸ்ட் முடிஞ்சதும் மெத்துன்னு துணியால ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க! ஏன்னு அப்புறம் சொல்றேன்.

உருக்கு விலையைத் தாண்டுறது எப்போ?

சரி, இப்போ நம்ம கட்சிக்கு வருவோம். ஒரு காசுக்கு வெள்ளி விலையைவிட ஜாஸ்தி குடுக்க ஒருத்தர் ஏன் தயாரா இருக்கணும்? நாலு விஷயம் இருக்கு.

1. எத்தனை மிச்சம் இருக்கு?

எத்தனை அடிச்சாங்க என்பதைவிட, எத்தனை உருகாம தப்பிச்சுதுங்கிறதுதான் முக்கியம். இதுக்கு ஒரு சூப்பர் கதை இருக்கு, நம்ம ஊருக்கும் சம்பந்தம் உண்டு. முதல் உலகப் போர் நேரம், 1918. நோட்டை வெச்சுக்கப் பயந்து, வெள்ளி ரூபாயா மாத்திக் குடுன்னு இந்தியாவில மக்கள் வரிசையில நிக்கிறாங்க. பிரிட்டிஷ் அரசாங்கத்துகிட்ட வெள்ளி கையிருப்பு காலி ஆகுது. அமெரிக்கா உதவிக்கு வந்துச்சு. பிட்மன் சட்டம்னு ஒண்ணு போட்டு, 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கினாங்க. அதுல பெரும்பகுதி வெள்ளி இந்தியாவுக்குத்தான் வந்துச்சு. நம்ம பாட்டி வீட்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்குள்ள ஒரு அமெரிக்க டாலர் ஒளிஞ்சிருக்கலாம்!

எந்த வருஷத்து டாலர் எவ்வளவு உருகிச்சுன்னு அப்போ யாரும் கணக்கு வெச்சுக்கல. அதனால லட்சக்கணக்குல அடிச்ச சில வருஷத்து டாலர்கூட இன்னிக்கு அபூர்வமாயிடுச்சு. அடுத்தவங்க உருக்கினதுதான் மிச்சம் இருக்கிறதோட மதிப்பு.

நம்ம ஊரு உதாரணம் 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். ராஜா அங்கியில இருந்த யானை, பார்க்கப் பன்னி மாதிரி இருக்குன்னு எதிர்ப்பு கிளம்பிச்சு. சுமார் 94 லட்சம் அடிச்சதுல 7 லட்சம் போலத்தான் வெளிய போச்சு. மீதியைத் திரும்ப உருக்கிட்டு, 1912-ல யானையைத் திருத்தி வரைஞ்சாங்க. ‘பன்னி ரூபாய்’னு பேர் வாங்கின அந்த 1911 காசுக்கு, பக்கத்துல இருக்கிற 1912 காசைவிட இன்னிக்கும் விலை ஜாஸ்தி. ரெண்டுலயும் வெள்ளி ஒண்ணுதான்!

அதே மாதிரி 1939 போட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் ரொம்ப அபூர்வம். அதனாலயே வருஷத்தைச் சுரண்டி மாத்தின போலிகளும் உண்டு. உங்க கையில 1939 இருந்தா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி சந்தேகப்படுங்க.

2. எப்படி இருக்கு?

புதுசா அச்சடிச்ச மினுமினுப்போட இருக்கிற காசுக்கும், முகம் தேய்ஞ்ச காசுக்கும் விலை பல மடங்கு மாறும். இங்கதான் நம்ம வீட்டு அன்பு வில்லனா மாறுது. விபூதி போட்டுத் தேய்க்கிறது, புளி போட்டு விளக்குறது, பல் பொடி... குத்துவிளக்குக்கு ஓகே, காசுக்கு நோ! கறுத்துப்போன மேல்பூச்சு பல வருஷமா இயற்கையா வந்தது. அதைத் தேய்ச்சு எடுத்தா பளபளன்னு ஆகும், ஆனா கண்ணுக்குத் தெரியாத கீறல் ஆயிரம் விழும். சேகரிக்கிறவர் லென்ஸ் வெச்சுப் பார்த்த அடுத்த செகண்ட், “இது எடைக்குத்தான்” என்பார். மாலையில கோக்கறதுக்கு வளையம் பத்த வெச்ச காசுக்கும் அதே கதிதான்.

3. டப்பா இருக்கா?

செட்டுன்னா செட்டாவே இருக்கணும். மின்ட் போட்ட ஒரிஜினல் பெட்டி, அட்டை, கேப்ஸ்யூல் எல்லாம் சேர்ந்ததுதான் விலை. “காசைத் தொட்டுப் பார்க்கணும்”னு பிரிச்சா, விரல் ரேகை அதுல நிரந்தரமா உட்கார்ந்துடும். ‘ப்ரூஃப்’ என்பது கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணின, அதிக கவனத்தோட அடிச்ச வகை. ‘யு.என்.சி.’ என்பது புழங்காத சாதா வகை. ஒரே காசு ரெண்டு வகையிலயும் வரும், விலை வேற வேற. சாஃப்ட் பி.வி.சி. கவர்ல போட்டு வெச்சிருந்தா சீக்கிரம் மாத்துங்க. நாளாவட்டத்துல பச்சையா ஒரு பிசுக்கு வரும்.

4. யாருக்கு வேணும்?

காசுக்கும் ஃபேன்ஸ் உண்டு பாஸ். காமராஜர், அண்ணா, எம்.ஜி.ஆர்., எம்.எஸ்.சுப்புலட்சுமின்னு நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கு நூற்றாண்டு நாணயம் வந்திருக்கு. தஞ்சைப் பெரிய கோயிலோட 1000 வருஷத்துக்கு 1000 ரூபாய் நாணயமே வந்துச்சு. அண்ணா காசுல அவரோட தமிழ்க் கையெழுத்தே இருக்கு. இதெல்லாம் தமிழ்நாட்டுல கேட்டு வாங்க ஆள் இருக்கு. யாருக்குமே ஞாபகம் இல்லாத ஒரு அலுவலகத்தோட 150-வது ஆண்டு செட்டுக்கு அந்தப் போட்டி இருக்காது. ரெண்டுலயும் அதே 17.5 கிராம் வெள்ளிதான்.

புது செட் வாங்கலாமா?

“அப்போ மின்ட்ல புது செட் வாங்கிப் போட்டா லாபமா?” மெயில்ல வர்ற கேள்வி இது. வகுத்துப் பாருங்க. 50 சதவிகித வெள்ளி, 35 கிராம் காசு உள்ள ஒரு செட்டை உதாரணத்துக்கு 4,000 ரூபாய்க்கு வாங்கறீங்க. கிராம் 100 ரூபாய்னா உள்ள இருக்கிற வெள்ளி 1,750 ரூபாய். மீதி 2,250 அச்சுக்கும் டப்பாவுக்கும் ஆசைக்கும் குடுத்தது. வெள்ளி மட்டுமே உங்க 4,000-ஐத் திருப்பித் தரணும்னா கிராம் 228 ரூபாய்க்கு மேல போகணும். அதாவது வெள்ளி விலை டபுளுக்கு மேல ஏறினாதான் நீங்க ஆரம்பிச்ச இடத்துக்கே வருவீங்க!

எல்லா செட்டும் ஒண்ணு கிடையாது என்பதையும் பாருங்க. 2023-ல புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காக வந்த 75 ரூபாய் நாணயம் 35 கிராம், அதே 50 சதவிகிதம். 2024-ல ரிசர்வ் வங்கியோட 90-வது ஆண்டுக்கு வந்த 90 ரூபாய் நாணயம் 40 கிராம், 99.9 சதவிகிதம். முதல்ல சொன்னதுல வெள்ளி 17.5 கிராம், ரெண்டாவதுல கிட்டத்தட்ட 40 கிராம். கையில எடுத்தா எடை வித்தியாசம் பெருசா தெரியாது, உள்ள இருக்கிற சமாசாரம் ரெண்டு மடங்குக்கு மேல! வாங்கறதுக்கு முன்னாடி படத்தைப் பார்க்காதீங்க, உலோகக் கலவையைப் படிங்க.

அண்ணா பிடிக்கும், எம்.எஸ். பிடிக்கும், அதனால வாங்கறேன்னா தாராளமா வாங்குங்க. அது சந்தோஷம். சந்தோஷத்துக்கு விலை உண்டு, தப்பே இல்லை. வெள்ளி சேர்க்கணும்னு வாங்கறதா இருந்தா மட்டும் வேற வழி தேடுங்க.

கனடா சொல்லும் பாடம்

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸுக்காக கனடா 28 நாணயம் உள்ள வெள்ளி செட் போட்டுச்சு. 14 அஞ்சு டாலர், 14 பத்து டாலர், எல்லாம் 92.5 சதவிகிதம். முழு செட்ல சுமார் 944 கிராம் சுத்த வெள்ளி. டிசைன் அழகு, மரப்பெட்டி அழகு, ஒலிம்பிக்ஸ் பேரு வேற. ‘பேரனுக்கு சொத்து’ன்னு உலகம் முழுக்க வாங்கினாங்க. அதுதான் பிரச்னையே! எல்லாரும் வாங்கினாங்க, எல்லாரும் பத்திரமா வெச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு அந்த செட் பெரும்பாலும் வெள்ளி விலைக்குப் பக்கத்துலதான் கைமாறுது.

வெள்ளி விலை ஏற ஏற இந்த மாதிரி சாதா செட்டோட ‘எக்ஸ்ட்ரா’ மதிப்பு கரைஞ்சுடும் என்பதையும் கவனிங்க. வெள்ளி 1,000 ரூபாய்க்கு இருந்தப்போ 1,500-க்குப் போன செட், வெள்ளி 3,000 ஆனா 4,500 ஆகணும்னு கட்டாயம் இல்லை. 3,000-லயே நிக்கலாம். அபூர்வக் காசு மட்டும்தான் வெள்ளி ரேட்டைப் பார்த்து நடுங்காது.

வெள்ளி ரேட்டையும் ரொம்ப நம்பிடாதீங்க. 1980 ஜனவரியில 50 டாலர் பக்கம் இருந்த வெள்ளி, மார்ச் 27 அன்னிக்கு 11 டாலருக்குக் கீழ போச்சு. ரெண்டே மாசம்! ஹன்ட் சகோதரர்கள்னு டெக்சாஸ் கோடீஸ்வரர்கள் கடன் வாங்கி வெள்ளியை வாங்கிக் குவிச்ச ஆட்டம் அன்னிக்குத்தான் சரிஞ்சுது. உச்சத்துல உருக்கப்பட்ட காசுகள் திரும்ப வரவே இல்லை.

உருக்கலாமா? சட்டம் என்ன சொல்லுது?

‘உருக்கு விலை’ன்னு இவ்வளவு நேரம் பேசினாலும், நிஜமாவே உருக்கிடாதீங்க. நாணயச் சட்டம் 2011-ன்படி, செல்லத்தக்க அரசாங்க நாணயத்தை உருக்கறதும் அழிக்கறதும் குற்றம். நினைவு நாணயங்களும் இந்த நாணயத்துல சேர்த்திதான். தண்டனை 7 வருஷம் ஜெயில் வரைக்கும் போகலாம். அதனால புது செட்டுக்கு உருக்கு விலை ஒரு அளவுகோல் மட்டும்தான். “அண்ணா காசை உருக்கிடலாம் தம்பி”ன்னு யாராவது சொன்னா வணக்கம் சொல்லிட்டு வெளிய வந்துடுங்க.

இன்னொண்ணு, 100 வயசைத் தாண்டின நாணயம் சட்டப்படி தொல்பொருள். ஃபாரின்ல இருக்கிற சித்தப்பாவுக்கு ஆசையா பார்சல் பண்ணிடாதீங்க. வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கு.

யார்கிட்ட போறது?

நகைக்கடைக்காரருக்குத் தெரிஞ்சது வெள்ளி. நாணய வியாபாரிக்குத் தெரிஞ்சது காசு. ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க, குறைஞ்சது மூணு இடம். சென்னையில மெட்ராஸ் காயின் சொசைட்டி மாதிரி சேகரிப்பாளர் அமைப்புகள் கண்காட்சி நடத்துறாங்க. அங்க ஒரு மணி நேரம் சுத்தினா நிறைய புரியும். எழும்பூர் மியூசியத்துல நாணயப் பிரிவே இருக்கு. விக்கிறதுக்கு இல்ல, கண்ணைப் பழக்கிக்கிறதுக்கு. ஏலம் விடறவங்க கமிஷன் எடுப்பாங்க, அதையும் கழிச்சுக் கணக்குப் போடுங்க. ஒருத்தர் கேக்கிற விலை விலை கிடையாது. கடைசியா கைமாறின விலைதான் விலை.

ரெண்டு உஷார். ‘1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ன்னு போட்டு ராமர் பட்டாபிஷேகமோ ஆஞ்சநேயரோ இருக்கிற காசு உங்க வீட்டுல இருந்தா, அது கம்பெனி அடிச்சதே இல்லை. பின்னாடி யாரோ அடிச்ச டோக்கன். பூஜை அறையில வெச்சுக்குங்க, கோடி ரூபாய்க் கனவு வேண்டாம். அடுத்தது, ‘பழைய காசுக்கு லட்சம் தர்றோம், முதல்ல பதிவுக் கட்டணம் கட்டுங்க’ன்னு வர்ற போன். ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லியே ஏமாத்தறாங்கன்னு 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டுச்சு. காசு விக்கப்போற நீங்க எதுக்குப் பணம் கட்டணும்? லாஜிக்கே இடிக்குதே!

பெட்டி என்ன ஆச்சு?

ரூம்மேட் ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்து எல்லாத்தையும் பிரிச்சான். 20 பிரிட்டிஷ் ரூபாயில ஒண்ணு 1911! ரெண்டு விக்டோரியா, முகம் தேயாம நல்லா இருந்துச்சு. இந்த மூணையும் தனியா வெச்சான். மீதி 13 தேய்ஞ்ச ரூபாயும் 4 அரை வெள்ளி ரூபாயும் சேர்த்து 158.9 கிராம் சுத்த வெள்ளி. ஒரு நாணய வியாபாரி வெள்ளி மதிப்புல 92 சதவிகிதம் குடுத்தார், 14,600 ரூபாய் சொச்சம். காந்தி காசு லட்சக்கணக்குல அடிச்சது, அபூர்வம் கிடையாது. அதனால நாலை ஒரு சேகரிப்பாளர்கிட்ட தலா 1,400-க்குக் குடுத்தான். வெள்ளி மதிப்பு 1,200, ஆக 200 ரூபாய் எக்ஸ்ட்ரா. அதுல 5,600.

மொத்தம் 20,200 ரூபாய். ‘எல்லாத்துக்கும் சேர்த்து’ முதல் கடை சொன்ன 16,950-ஐவிட 3,250 ரூபாய் அதிகம். அதுக்கு மேல பன்னி ரூபாய், ரெண்டு விக்டோரியா, ஒரு காந்தி, அண்ணா செட் எல்லாம் இன்னும் பெட்டியிலயே இருக்கு. ஃபீஸ் கட்டியாச்சு, ஹால் டிக்கெட் வந்தாச்சு. அண்ணா செட்டுக்கு வெள்ளி மதிப்பைப்போல ரெண்டு மடங்கு தர ஒருத்தர் தயாரா இருந்தார். “அது தாத்தா க்யூவுல நின்னு ஆர்டர் போட்டது மச்சி”ன்னு இவன் தரலை. அதுக்கு எந்த ஃபார்முலாவும் என்கிட்ட இல்லை!

கட் பண்ணி வெச்சுக்குங்க!

* முதல்ல பிரி, அப்புறம் எடை போடு. எல்லாத்தையும் ஒரே தட்டுல கொட்ட விடாதே.

* வருஷத்தைப் பார்த்து வெள்ளி சதவிகிதம் முடிவு பண்ணு. உருக்கு விலை தெரியாம கடைப்படி ஏறாதே.

* கிடைக்கிற விலையை உருக்கு விலையால வகு. 1.2-க்குள்ள வந்தா அது சாதா வெள்ளி, பணம் தேவைன்னா குடுத்துடலாம். 1.2-லிருந்து 2 வரைன்னா நாணயமா மட்டும் வில்லு, அவசரப்படாதே. 2-க்கு மேலன்னா இன்னும் ரெண்டு பேர்கிட்ட காட்டாம கைமாத்தாதே. இது சட்டமில்லை, நானா போட்டுக்கிட்ட கோடு.

* தேய்க்காதே, பிரிக்காதே, வளையம் வைக்காதே.

* ‘முலாம்’னு எங்கயாவது பொடி எழுத்துல இருக்கான்னு தேடு.

இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறீங்களா? பாட்டிகிட்ட பர்மிஷன் கேட்டு அந்தக் கர்ச்சீஃப் முடிச்சை அவிழ்த்துப் பாருங்க. விக்கணும்னு கட்டாயம் இல்ல. என்ன இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சாலே போதும், நாளைக்கு அவசரத்துல யாரும் பாதி விலைக்குத் தள்ள மாட்டாங்க. பழைய காசுக் கதை சொல்லும்போது பாட்டிங்க முகத்துல வர்ற வெளிச்சம், அது போனஸ்!

அடுத்த வாரம்: ஹாஸ்டல் மெஸ் பில்லுல ‘எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ்’னு ஒரு லைன் இருக்கே... அது என்ன கணக்கு? பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க, எடுத்து வைங்க!